தலைக்கு ஊத்தியாச்சா?

ஸ்ரீரங்கத்தில் அக்கா வீட்டுக் கொல்லையில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கிறது. வெயிலில் கிடந்து சாயம் வெளுத்து, ஒரு காலில் விரிசல் விட்டு, உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாய்கிறது. பழைய சாமான் எடுக்க வருகிறவர் வரும்போதெல்லாம் அதைக் கேட்கிறார். அக்காவின் கணவரான மாமா கொடுத்துவிடலாம் என்பார். மாமாவின் அம்மா, நாங்கள் அத்தை என்று கூப்பிடுகிறவர், "அது பாட்டுக்குக் கிடக்குது, உங்களை என்ன பண்ணுது?" என்று வந்தவரை அனுப்பிவிடுவார். கொல்லைக்குப் போகும்போது அதைப் பார்க்காமல் தாண்டிவிட வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். கண் நேரே அங்கேதான் போகிறது.

அக்காவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்து, திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது விலாப்பக்கம் ஒரு டியூப் இருந்தது. அதன் முனையில் ஒரு குப்பி. உள்ளே இளஞ்சிவப்பு நிறத்தில் நீர் இறங்கிக்கொண்டிருக்கும். அதை நைட்டியோடு சேர்த்து ஊக்கு குத்தி வைத்திருந்தோம். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை எனக்கு. லீவு சொல்லிவிட்டு அக்காவோடு வந்து தங்கினேன். எங்களுக்கு அம்மா இல்லை. நாங்கள் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே போய்விட்டாள். அம்மா இருந்திருந்தால் செய்திருக்க வேண்டிய வேலை என் கைக்கு வந்தது, அவ்வளவுதான்.

தினமும் காலையில் கதவைச் சாத்திவிட்டு வெந்நீரில் துண்டை நனைத்து அக்காவுக்கு உடம்பு துடைத்துவிடுவேன். முகம், கழுத்து, வலது கை, முதுகு, கால். கட்டுப் போட்ட பக்கம் மட்டும் ஓரமாகப் பட்டும் படாமலும். இடது கையை அவளால் தூக்க முடியாது என்பதால் அக்குளைத் துடைப்பதற்குள் இருவருக்கும் வியர்த்துவிடும். அந்த நேரத்தில் அவள் என்னைப் பார்க்கமாட்டாள்; சுவரில் இருக்கிற கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "நாத்தம் அடிக்குதாடி?" என்று ஒரு நாள் கேட்டாள். "உன் வாய்தான் நாறுது, பல்லைத் தேய்" என்றேன். சிரித்தாள். சிரித்தால் தையல் இழுக்கும் என்று உடனே நிறுத்திக்கொண்டாள்.

உடம்பைத் துடைத்துவிடலாம். தலையை என்ன செய்வது? அக்காவுக்கு இடுப்பைத் தொடும் முடி. ஆஸ்பத்திரியில் கிடந்ததில் பிடரிப் பக்கம் கயிறு மாதிரி சிக்கு விழுந்துவிட்டது. பழைய எண்ணெயும் வியர்வையும் மருந்தும் கலந்து ஒரு வாடை. ராத்திரியெல்லாம் வலது கையால் சொறிந்துகொண்டே இருப்பாள். டிஸ்சார்ஜ் ஆகும்போதே நர்ஸ் எனக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தார். "தலைக்குத் தாராளமாக் குளிக்கலாங்க. அவங்களாக் குளிக்க வேணாம், கையைத் தூக்கக் கூடாது. நாற்காலியில உக்கார வச்சு, தலையைப் பின்னால சாய்ச்சு, வேற யாராச்சும் கழுவி விடுங்க. கட்டும் டியூபும் நனையக் கூடாது, அவ்வளவுதான்."

அத்தை ஒப்பவில்லை. அவர் கெட்டவர் இல்லை. அக்காவுக்கு மூன்று வேளையும் பார்த்துப் பார்த்துப் பத்தியச் சோறு போட்டவர். ஆனால் தலைக்கு ஊற்றுவது என்பது அவருக்கு வெறும் குளியல் இல்லை. நோய் இறங்கிவிட்டது என்று வீட்டுக்கும் ஊருக்கும் சொல்லுகிற காரியம். "அம்மை போட்ட பிள்ளைக்கே நாள் பாத்துத்தான் தண்ணி ஊத்துறோம். இவ்வளவு பெரிய ஆபரேசன். தையல் பிரிக்கட்டும், ஒரு நல்ல நாளாப் பாத்து நானே ஊத்தி விடுறேன். இப்ப ஊத்தி, சளி பிடிச்சு, இருமித் தையல் விட்டுச்சுன்னா யாரு பதில் சொல்றது?" பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் எத்தனையோ பேரை அதட்டி வேலை வாங்குகிற மாமா, அம்மாவிடம் வாய் திறக்கமாட்டார். அக்காவும் "விடுடி, அத்தை சொல்றபடியே இருக்கட்டும்" என்றுவிட்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சீப்பால் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் தொட்டியத்தில் இருந்து அப்பா தினமும் சாயங்காலம் எனக்குப் போன் செய்வார். வாழை விவசாயி. அம்மா போன பிறகு எங்கள் இரண்டு பேரையும் மோட்டார் தொட்டியில் உட்கார வைத்துச் சீயக்காய் தேய்த்துத் தலைக்கு ஊற்றிவிட்டவர் அவர்தான். மண்வெட்டி பிடித்த கை. தேய்த்தால் மண்டை எரியும். நாங்கள் வயதுக்கு வந்ததும் அதையும் நிறுத்திவிட்டு எட்ட நின்றுகொண்டார். ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தடவை வந்தார். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, வெள்ளைச் சட்டை போட்டு வந்தவர், அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. எந்த இடத்தில் ஆபரேஷன் என்று அவருக்குத் தெரியும்; அதைப் பெண்ணிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. தலையணையில் கிடந்த முடியையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "பிள்ளைக்குத் தலை பரட்டையாக் கிடக்குதே" என்று என்னிடம் சொன்னார். போனிலும் அதே கேள்விதான். காயம் ஆறிவிட்டதா, டாக்டர் என்ன சொன்னார், உயிருக்குப் பயமில்லையே என்று கேட்க வேண்டிய எல்லாவற்றுக்கும் சேர்த்து அவரிடம் ஒரே கேள்வி இருந்தது. "அம்மாடி, அக்காவுக்குத் தலைக்கு ஊத்தியாச்சா?"

"இன்னும் இல்லப்பா" என்பேன். "சரி, சரி. ஊத்துனதும் சொல்லு. ஒரு தார் நல்லாப் பழுத்திருக்கு, எடுத்துட்டு வரேன்" என்பார்.

தையல் பிரிப்பதற்கு முன்னால் ஒரு விடியற்காலையில் ஊரில் இருந்து சித்தப்பா மாமாவுக்குப் போன் செய்தார். தோப்பில் மோட்டார் போடப் போன அப்பா அங்கேயே சாய்ந்துவிட்டார். அடுப்படியில் மாமா குரலைத் தாழ்த்திச் சொன்னபோது நான் வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டேன். அக்கா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். அத்தைதான் முதலில் சுதாரித்தார். "அவ காதுல விழக் கூடாது. விழுந்தா தலை முழுகியே ஆகணும். பெத்த அப்பன் செத்துட்டான்னு கேட்டுட்டுக் குளிக்காம எப்படி இருப்பா? நம்ம பேச்சைக் கேக்கமாட்டா, போய்த் தண்ணியை எடுத்து ஊத்திக்குவா. டியூபோட ஏதாச்சும் ஆச்சுன்னா? தையல் பிரிக்கட்டும், நானே சொல்லிக்கிறேன்."

காதில் விழாதவரை தீட்டு இல்லை. அப்படித்தான் எங்கள் பக்கம் வழக்கம். எனக்குக் கோபம் வந்தது. அப்பாவின் முகத்தை அவள் கடைசியாகப் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். "பஸ்லயும் கார்லயும் குலுங்கிக்கிட்டு அவ்வளவு தூரம் போயி, அங்க விழுந்து அழுவா. தாங்குமா அந்த உடம்பு?" என்றார் அத்தை. அந்தக் குப்பியையும் டியூபையும் தினமும் பார்க்கிறவள் நான். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். மாமா அக்காவிடம் டூட்டி என்று சொல்லிக் கிளம்பினார். நான் கடையில் ஸ்டாக் எடுக்கக் கூப்பிடுகிறார்கள் என்றேன். அத்தை காவலுக்கு இருந்துகொண்டார். அவர் தினமும் விடியலில் தலைக்குக் குளிக்கிறவர் என்பதால் அவருடைய ஈரத்தலை யாருக்கும் எதையும் சொல்லவில்லை.

தொட்டியத்தில் அப்பாவைக் குளிப்பாட்டுவதற்கு முன்னால் வாசலில் உட்கார வைத்திருந்தார்கள். ஒவ்வொருவராகப் போய் எண்ணெயும் சீயக்காயும் தொட்டு அவர் தலையில் வைத்தார்கள். பெண் மக்கள் முதலில் என்றார்கள். வைத்தேன். நகரச் சொன்னார்கள். நகராமல் மறுபடியும் கிண்ணத்தில் விரலை நனைத்தேன். "ஒரு தடவை போதும்மா" என்றார் சித்தப்பா. "இது அக்காவுக்கு" என்றேன். அவர் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

எல்லாம் முடிந்து நாங்கள் ஸ்ரீரங்கம் வந்து சேரும்போது விளக்கு வைக்கிற நேரம். இழவு வீட்டுக்குப் போய் வந்தவர்கள் வாசல் வழியாக நுழையக் கூடாது. பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போய், உடுத்திய துணியோடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். மாமா ஊற்றிக்கொண்டார். பிறகு நான் ஊற்றிக்கொண்டேன். இத்தனை யோசித்த அத்தைக்கும் எங்களுக்கும் ஒன்று மட்டும் தோன்றவில்லை. அக்கா படுத்திருந்த அறையின் ஜன்னல் கொல்லைப் பக்கம்தான் இருந்தது.

துணி மாற்றிக்கொண்டு அவளிடம் போனேன். எழுந்து உட்கார்ந்திருந்தாள். என் தலையைப் பார்த்தாள். அறை வாசலில் துண்டோடு நின்ற மாமாவின் தலையைப் பார்த்தாள். "விளக்கு வச்ச நேரத்துல தலைக்குக் குளிச்சிருக்கீங்க" என்றாள். "பஸ்ல ஒரே தூசிக்கா" என்றேன். அப்பா கூப்பிடுகிற நேரம் தாண்டியும் அடிக்காத என் போனைப் பார்த்தாள். "எனக்கும் ஊத்தி விடு" என்றாள்.

வேண்டாம் என்று சொல்லத்தான் அத்தை வந்தார். வந்தவர் அவள் முகத்தைப் பார்த்தார். திரும்பிப் போய் அடுப்பில் வெந்நீர் வைத்தார். அவரே கூடத்தில் இருந்து அந்தச் சிவப்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்த் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் போட்டார். சீயக்காயைக் கிண்ணத்தில் கரைத்து என் கையில் கொடுத்தார்.

நர்ஸ் சொன்னபடியே செய்தேன். கழுத்துக்கு அடியில் துண்டை மடித்து வைத்து, நெஞ்சை பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி, தலையைப் பின்னால் சாய்த்தேன். முடி வாளிக்குள் தொங்கியது. தண்ணீர் பட்டதும் அவள் உடம்பு ஒரு முறை நடுங்கியது. கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன், மூடவில்லை. நான் தேய்த்துக்கொண்டிருந்தபோது, வானத்தைப் பார்த்தபடியே, "சீயக்காய் வச்சியா?" என்று கேட்டாள். அவளுடைய தலையில் இருந்த சீயக்காயைப் பற்றி அவள் கேட்கவில்லை.

"வச்சேன்க்கா."

"எனக்கும் சேத்து வச்சியா?"

"வச்சேன்."

கல்லின்மேல் உட்கார்ந்து அவள் ஈரமுடியைக் கையில் பிடித்துக்கொண்டே அழுதேன். அவளுடைய கண்ணீர் நெற்றிப்பொட்டு வழியாக வழிந்து சீயக்காய் நுரையோடு வாளியில் விழுந்துகொண்டிருந்தது. மீதித் தண்ணீரை அத்தைதான் ஊற்றினார். தலை துவட்டும்போது, "நான்தாம்மா சொல்ல வேணாம்னேன். உன் தையலுக்காகத்தான்" என்றார். "தையல் ஆறிடும் அத்தை" என்றாள் அக்கா. "முகத்தை இனிமே எங்க போய்ப் பாப்பேன்?"

அவள் அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அத்தைக்கு லேசாக இருந்திருக்கும். புண் நன்றாகவே ஆறியது. அன்று ஊற்றிய தண்ணீரால் எந்தக் கெடுதலும் வரவில்லை. பிறகு மருந்து ஏற்றினார்கள். நான் சிக்கெடுத்த அந்த முடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் கழன்று கிடந்தது. திரும்ப முளைத்தபோது கிராப் வெட்டிய மாதிரி குட்டையாக, முரடாக வந்தது. சில வருஷம் நன்றாக இருந்தாள். பிறகு நோய் எலும்புக்குப் போனது. போன மழைக்காலத்தில் அக்காவும் போய்விட்டாள்.

அவளை வாசலில் உட்கார வைத்திருந்தபோது நானும் வரிசையில் போய் எண்ணெயும் சீயக்காயும் வைத்தேன். குட்டை முடி விரலில் குத்தியது. ஒரு தடவைதான் வைத்தேன். எனக்கும் சேத்து வை என்று சொல்ல எங்கள் வீட்டில் இனி ஆள் இல்லை. எடுத்துக்கொண்டு போன பிறகு பெண்களெல்லாம் கொல்லையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். என் முறை வந்தபோது எனக்குச் சொம்பைத் தூக்கக் கை எழவில்லை. அத்தை அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரும்மா" என்று என் தோளைப் பிடித்து உட்கார வைத்து, அவரே ஊற்றிவிட்டார்.

நேற்று அங்கே போயிருந்தேன். மழைத் தண்ணீர் நாற்காலிக் குழியில் தேங்கி நின்றது. அத்தை அதைச் சாய்த்துக் கொட்டிவிட்டு, சுவரோரம் நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனார். சாயங்காலம். அப்பா போன் செய்கிற நேரம். அந்தக் கேள்விக்கு ஒரு நாள் கூட ஆமாம் என்று நான் பதில் சொன்னதில்லை. கொல்லையில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, வாய்விட்டே சொன்னேன்.

"ஊத்தியாச்சுப்பா. எல்லாருக்கும் ஊத்தியாச்சு."