தொட்டியின் கழுத்தில் நான்கு மில்லிமீட்டர்

அண்ணன் அந்த டிரைவரை முதலில் கையால்தான் அடித்தார். கன்னத்தில். அடுத்த அடிக்கு மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்தார். காம்பு டிரைவரின் தோளில் இறங்கிய சத்தம் வரப்பில் நின்ற எனக்குக் கேட்டது.

தை மாதம். திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே எங்கள் வயல், பத்து மா. மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே வரும். எங்கள் அப்பா அதே ஊரில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு அறுத்தே காலத்தை முடித்தவர். அண்ணன் சொந்தமாக வாங்கிய நிலத்தில் அது முதல் சம்பா. இரண்டு நாளைக்கு முன்பு பெய்த மழையில் பயிர் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது. ஐந்து நாள் அலைந்து பிடித்த அறுவடை வண்டி அன்று காலையில்தான் வயலில் இறங்கியது. நான்கு மா அறுத்ததும் நின்றுவிட்டது. கிழக்கே வானம் மறுபடியும் கறுத்துக்கொண்டு வந்தது.

டிரைவர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். மாற்றி ஓட்டுவதற்கு மச்சானையும் கூட்டி வந்திருந்தார்.

"தண்ணி கொதிக்குதுங்கண்ணே. ரேடியேட்டர் முழுக்கத் தூசி அடைச்சிருக்கு. ஒரு மணி நேரம் ஆறணும்" என்று அவர் சொன்னபோது அண்ணன் வானத்தைக் காட்டினார்.

"ஒரு மணி நேரமா? கண்ணு தெரியுதா இல்லையாடா உனக்கு?"

"இப்ப மூடியைத் தொறந்தா மூஞ்சி வெந்துரும்ங்க."

"பொய் சொல்றான். வேற எவனோ கூப்பிட்டுட்டான், அங்க ஓடப் பாக்குறான்."

அதன் பிறகுதான் அடி விழுந்தது. டிரைவரின் உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் வடிந்தது. மச்சான் ஸ்பேனரோடு ஓடிவந்தார். அடுத்து அறுக்க வேண்டிய வயல்காரர்கள் நான்கைந்து பேர் அங்கே காத்துக் கிடந்தார்கள். அவர்கள் மச்சானைப் பிடித்துச் சேற்றில் முகம் பதிய அமுக்கினார்கள். ஒருவர் அவர் முதுகில் ஏறி உட்கார்ந்தார். நான் நடுவில் பாய்ந்தேன். அண்ணன் ஓங்கிய காம்பு என் முழங்கைக்குக் கீழே பட்டது. கை மரத்துப்போனது. யார் மேல் பட்டது என்றுகூட அவர் பார்க்கவில்லை.

"நிறுத்துங்க! நான் வழி சொல்றேன்!" என்று கத்தினேன்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சென்னைக்கு வெளியே ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில், எஞ்சினைக் குளிர்விக்கும் நீருக்கான விரிவுத் தொட்டிகளை வரைந்து கொடுப்பவள் நான். எஞ்சின் சூடானால் நீர் விரியும். விரிந்த நீர் போய்த் தங்க ஒரு பிளாஸ்டிக் தொட்டி வேண்டும். அதன் மூடி உள்ளே இருக்கும் அழுத்தத்தை இறுக்கிப் பிடித்திருப்பதால் நீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் கிடக்கும். அழுத்தம் சட்டென்று விலகினால் அத்தனை நீரும் அந்த நொடியே கொதித்து வெளியே பாயும். அதற்காகத் தொட்டியின் கழுத்தில் உள்ள மரையில், காடி என்று ஒரு சிறு பள்ளம் வெட்டுவோம். மூடி முதல் சுற்றுத் திரும்பும்போதே உள்ளிருக்கும் ரப்பர் வளையம் விலகி, ஆவி அந்தக் காடி வழியே சீறி வெளியேறிவிடும். மூடி அப்போதும் மரையில் மாட்டிக்கொண்டேதான் இருக்கும்.

அந்த வண்டியில் இருந்தது என் தொட்டி. காலையிலேயே அடையாளம் கண்டுகொண்டு, "இது நான் வரைஞ்சதுண்ணே" என்று டிரைவரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன். அவரும் சிரித்து, "அப்படியாம்மா" என்றிருந்தார்.

இப்போது அவரிடம் சொன்னேன். "மெதுவாத் திருப்புங்கண்ணே. முதல் சுத்துலயே ஆவி போயிடும். மூடி கழண்டு வராது. ஆவி நின்னதும் தண்ணி ஊத்திக்கலாம்."

உதட்டைத் துடைத்துக்கொண்டே அவர் என்னைப் பார்த்தார். "நிச்சயமாத் தெரியுமாம்மா?"

"நான் வரைஞ்சதுண்ணே."

சூடாக இருக்கும்போது திறக்காதே என்று அந்த மூடியின் மேலேயே படம் போட்டு வைத்தவளும் நான்தான். ஆனால் அண்ணன் கையில் மண்வெட்டி இருந்தது. அந்த அடியை எப்படியாவது நிறுத்த வேண்டும் என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. கூடவே, என் தொட்டி எப்படி வேலை செய்யும் என்று எல்லோர் முன்னாலும் காட்டிவிடும் ஆசையும் கொஞ்சம் இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை.

அவர் ஒரு சாக்கை வாய்க்காலில் நனைத்துக்கொண்டு வண்டிமேல் ஏறினார். தொட்டிக்கு மேலிருந்த தகட்டைத் திறந்துவிட்டு, மூடியைச் சாக்கால் பொத்தி மெல்லத் திருப்பினார். ஒரு சுற்று. சீறல் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்த இடத்தில் நான் கத்தியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, "இன்னும் கொஞ்சம்" என்றேன்.

வெடித்தது. மூடி சாக்கையும் தூக்கிக்கொண்டு எங்கள் தலைக்கு மேலே போனது. வெள்ளையாக ஒரு தூண் எழும்பி அப்படியே அவர் மேல் சரிந்தது. அவர் ஆறடி உயரத்திலிருந்து அறுத்த நெல் தாள்மேல் விழுந்தார். முகத்தை மூடப் போன கைகள் முகத்தைத் தொட முடியாமல் அந்தரத்தில் நின்றன. கத்தவில்லை. முதலில் மூச்சே வரவில்லை. பிறகு வந்த சத்தம் மனிதக் குரலாக இல்லை. கழுத்துத் தோல் வெள்ளையாகச் சுருண்டு சட்டைக் காலரோடு ஒட்டிக் கிடந்தது.

"சட்டையைக் கழட்டாதீங்க! தண்ணிக்குத் தூக்குங்க!" என்று கத்தினேன்.

மச்சானை அமுக்கிக்கொண்டிருந்தவர்களே விட்டுவிட்டு ஓடிவந்து தூக்கினார்கள். வாய்க்காலில் அவரைச் சாய்த்துப் பிடித்து, முகத்திலும் மார்பிலும் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினேன். எனக்குப் பின்னால் மச்சான் சேற்றிலிருந்து எழுந்தார். ஸ்பேனரால் அண்ணன் தலையில் அடித்தார். அண்ணன் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவரைத் தோளில் மறுபடியும் அடித்தார். எலும்பு முறிந்ததைக் கேட்டேன். அங்கே நின்றவர்கள் ஒருவரும் தடுக்கவில்லை. நானும் திரும்பவில்லை. அப்படியே சாகட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

மழை பிடித்துக்கொண்டது. மீதி ஆறு மாவும் அப்படியே படுத்தது.

தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வார்டில் டிரைவர், இன்னொரு வார்டில் அண்ணன். அண்ணனுக்குத் தலையில் பதினொரு தையல், இடது தோளில் காறை எலும்பு முறிவு. டிரைவருக்கு முகத்தின் வலப்பக்கம், கழுத்து, மார்பு, இரண்டு கைகள். வீக்கம் வற்றாமல் வலது கண்ணைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது என்றார்கள்.

மூன்றாம் நாள் நான் வயலுக்குப் போனேன். மூடி வாய்க்கால் ஓரத்தில் கிடந்தது. வண்டியில் ஏறித் தொட்டியின் கழுத்தை அளந்தேன். என் வரைபடத்தைவிட நான்கு மில்லிமீட்டர் குட்டையாக இருந்தது. எனக்குப் புரிந்துபோயிற்று. வண்டியில் தொட்டிக்கு மேலே வரும் தகட்டில் மூடி இடிக்கிறது என்று, இரண்டு வருடத்துக்கு முன்பு தொட்டியை வார்க்கும் அச்சைத் திருத்தி, கழுத்தைக் குறைத்திருந்தார்கள். மரை குறைந்துவிட்டது. ரப்பர் வளையம் இருந்த இடத்திலேயே இருந்தது. வளையம் விலகும் நேரமும் மூடி மரையை விட்டுக் கழலும் நேரமும் ஒன்றாகிவிட்டன. திருத்திய வரைபடத்தை ஃபோனில் திறந்தேன். சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து இருந்தது.

அண்ணன் மறுநாள் வீட்டுக்கு வந்தார். பார்க்க வந்தவர்களிடம், கட்டுப் போட்ட தலையோடு, "அவன் போதையில இருந்தான். ஒரேடியாத் திருப்பிட்டான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் சமையல் அறையிலிருந்து வந்து அவரை அறைந்தேன். ஒன்றல்ல. முறிந்த எலும்பு எந்தப் பக்கம் என்று தெரிந்து அந்தப் பக்கமே அடித்தேன்.

"நீ அடிச்சடா! நான் தொறக்கச் சொன்னேன்டா! அவர் மேல என்னடா தப்பு?"

அவரை வாழ்நாளில் முதன்முறையாக 'டா' போட்டது அன்றுதான். அம்மா என் முடியைப் பிடித்து இழுத்த பிறகுதான் விட்டேன். என் கையைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. அண்ணன் திருப்பி அடிக்கவில்லை. அடுத்த நாள் ஆட்டோ பிடித்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், முதலில் கை ஓங்கியது தான்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். யாரும் அவரை அனுப்பவில்லை.

நான் டிரைவரிடம் போனேன். கட்டுகளுக்கு நடுவே ஒரு கண்ணும் வாயும்தான் தெரிந்தன. கழுத்தைக் குறைத்தது, நான் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது, எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நான் வேகமாத் திருப்பலையா?"

"இல்லண்ணே. நீங்க சரியாத்தான் திருப்பினீங்க."

"நான்தான் ஏதோ தப்பாத் திருப்பிட்டேன்னு இத்தனை நாளா நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன். மச்சான்கிட்டயும் இதைச் சொல்லிருங்கம்மா."

வெளியே போய் மச்சானிடம் சொன்னேன். அவர் என் முகத்தில் துப்பினார். துடைத்துக்கொண்டு மறுபடியும் உள்ளே வந்தேன்.

"இனிமே இங்க வராதீங்கம்மா. உங்களைப் பாத்தா ஒடம்பெல்லாம் எரியுது" என்றார் டிரைவர். குரலில் கோபம் இல்லை. அதற்குப் பிறகு நான் போகவில்லை.

தொழிற்சாலையில் என் மேலதிகாரி, "சூடா இருக்கும்போது தொறக்கக் கூடாதுன்னு மூடியிலயே போட்டிருக்கே" என்றார். அதே வரியை நானே எத்தனை கூட்டங்களில் சொல்லியிருப்பேன். பேசிப் பயனில்லை என்று, சோதனை அறையில் அந்தத் தொட்டியை மாட்டி, நீரைச் சூடேற்றி, அழுத்தம் ஏற்றி, வெளியிலிருந்து கம்பியால் மூடியைத் திருப்பிக் காட்டினேன். மூடி சோதனை மேடையின் மேல்தகட்டில் மோதியது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற ஆறு பேரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். மேலதிகாரியின் கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது. தகடு உள்ளங்கை அளவுக்குக் குழிந்திருந்தது.

அந்த வாரமே அச்சு நிறுத்தப்பட்டது. வண்டி தயாரிப்பவர்களுக்குக் கடிதம் போனது. கழுத்து பழைய உயரத்துக்கு வந்தது. வண்டியில் மூடி இடித்த தகட்டைத்தான் மேலே தூக்கினார்கள், முதலிலேயே செய்திருக்க வேண்டியதை. விற்ற வண்டிகளில் எத்தனை திரும்பி வந்தன என்று இன்றுவரை எனக்கு முழுதாகத் தெரியாது. என்னை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள்.

இரு பக்கமும் கேஸ் நடக்கிறது. அண்ணன் வாய்தாவுக்கு வாய்தா தவறாமல் போகிறார். என்னிடம் பேசுகிறார், முன்போல இல்லை. உட்கார்ந்திருக்கும்போது நான் பக்கத்தில் போனால் அவருடைய இடது தோள் தானாக ஒதுங்குகிறது.

டிரைவரின் வலது கண் பிழைத்தது. கழுத்துத் தோல் இழுத்துக்கொண்டதால் ஒரு பக்கமாக முழுதாகத் திரும்ப முடியவில்லை என்று மச்சான்தான் சொன்னார். கோர்ட்டில் பார்த்தபோது அவருடைய ஃபோன் எண்ணை வாங்கி வைத்திருந்தேன். பல தடவை கூப்பிட்டு, ஒரு தடவைதான் எடுத்தார்.

"இன்னும் வண்டி ஓட்டுறாருங்களா?" என்று கேட்டேன்.

"ஓட்டாம?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.