நாற்பதுக்கு மேல் சிவக்கும்

என் மகள் வேலை முடிந்து வருவது தெருமுனையிலேயே தெரிந்துவிடும். ஹெல்மெட்டுக்குள் அவள் முகவாயில் நீல வெளிச்சம் படிந்திருக்கும். பைக்கின் மீட்டரிலிருந்து வருகிற வெளிச்சம் அது. அதைப் பார்த்ததும் நான் வாசலை விட்டு உள்ளே போய்ச் சாப்பிட உட்காருவேன். பல மாதங்கள் அப்படித்தான் கழிந்தன. இப்போது அதே நீலத்தைப் பார்த்தால் வாசலை விட்டு நகர முடிவதில்லை.

குருவிகுளம் பக்கத்தில் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் அவளுக்கு வேலை. ஊர்களிலிருந்து வருகிற பாலைச் சோதித்துத் தரம் பார்க்கிறாள். சங்கரன்கோவிலிலிருந்து தினமும் போய் வர வேண்டும். பஸ் நேரம் ஒத்துவரவில்லை என்று என் தம்பி வைத்திருந்த பழைய பைக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். நான் மருத்துவமனை ஒன்றில் மருந்து கொடுக்கிற வேலையில் இருக்கிறேன். மாத்திரை கொடுக்கிற ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஆம்புலன்ஸ் வந்து நிற்கிற இடம். பைக்கில் விழுந்தவர்களை அங்கேதான் இறக்குவார்கள். ஒற்றைச் செருப்போடு வருகிற பிள்ளைகளை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதனால் அவள் வண்டியை எடுத்த நாளிலிருந்து ஒரே ஒரு சட்டம் போட்டேன். நாற்பதைத் தாண்டக் கூடாது.

“நாப்பதுல போனா பால் திரிஞ்சிரும்ப்பா” என்று சிரித்தாள். ஆனால் கேட்டுக்கொண்டாள்.

அந்தப் பைக்கின் மீட்டர் ஏற்கெனவே செத்துப்போயிருந்தது. முள் நடுங்கும், பிறகு பொத்தென்று விழும். உள்ளே இருந்த பல்பும் எரியவில்லை. அதைக் கழற்றிவிட்டு இணையத்தில் ஒரு டிஜிட்டல் மீட்டர் வாங்கி மாட்டப்போகிறேன் என்றாள். எண் பெரிதாகத் தெரியும், பின்னால் எரிகிற வெளிச்சத்தை வேண்டிய நிறத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். இதெல்லாம் விளையாட்டுப் பிள்ளைகள் செய்கிற வேலை என்று முதலில் மறுத்தேன். அவள் என்னை அறிந்தவள். போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். நாம் வைக்கிற வேகத்தைத் தாண்டியதும் மீட்டர் முழுவதும் சிவப்பாக மாறுகிறது. “நாப்பதுக்கு வச்சிருதேன். ஒங்க சட்டத்த மீட்டரே பாத்துக்கிடும்” என்றாள். அந்த இடத்தில் நான் விழுந்துவிட்டேன். என் பயத்துக்கு ஒரு விளக்கு கிடைத்ததுபோல் இருந்தது.

வீட்டு முற்றத்தில் வைத்து அவளே மாட்டினாள். பின் சக்கரத்தில் ஒரு சிறு காந்தம், அதன் அருகே ஒரு சென்சார், அங்கிருந்து மீட்டருக்கு ஒரு வயர். சக்கரம் சுற்றும்போது காந்தம் கடந்துபோவதை எண்ணி மீட்டர் வேகத்தைச் சொல்லும். நெடுநேரம் நிறங்களை மாற்றிப் பார்த்தாள். பச்சை கண்ணைக் குத்துகிறது என்றாள். வெள்ளை ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்று என் மனைவி சொன்னாள். கடைசியில் நீலம். பிறகு வண்டியை நடு ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, பின் சக்கரம் அந்தரத்தில் சுற்ற, மெல்ல முறுக்கினாள். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. அடுத்த எண் வந்த கணத்தில் மீட்டர் ரத்தமாகச் சிவந்தது. இன்னொரு முறை செய்யச் சொன்னேன். மறுபடியும் சரியாகச் சிவந்தது. எனக்குத் திருப்தி. நிறத்தைச் சோதித்தோம், எண்ணைச் சோதித்தோம். அந்த எண் உண்மைதானா என்று ரோட்டில் ஓட்டிப் பார்க்க இருவருக்கும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு என் மாலைகள் மாறிவிட்டன. போன் போட்டுப் போட்டுக் கேட்பதை விட்டேன். வீடு வந்ததும் “செவந்துச்சா?” என்று மட்டும் கேட்பேன். “இல்ல” என்பாள். பொய் சொல்கிறவள் இல்லை.

இளையரசனேந்தலில் ஒரு உறவுக்காரர் வீட்டு விசேஷம். மனைவிக்கு முழங்கால் வலி, அதனால் நானும் மகளும் மட்டும் பைக்கில் போனோம். திரும்பும்போது பொழுது இறங்கியிருந்தது. நான் பின்னால் உட்கார்ந்து அவள் தோளுக்கு மேலே மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தேன். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. நீலம். காற்று சட்டையை முதுகில் படபடவென்று அடித்தது. ஒரு மினி பஸ்ஸை முந்தினாள். கண்ணில் நீர் வந்தது. கரிசல் காட்டில் தடுக்க ஒன்றுமில்லை, காற்று அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எண் கண் முன்னால் இருக்கும்போது உடம்பு சொல்வதை யார் கேட்கிறார்கள்?

குருவிகுளத்தைத் தாண்டி ஒரு வளைவு. திரும்பியதும் பாதி ரோட்டில் மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. அறுப்புக் காலத்தில் எங்கள் பக்கத்து ரோடெல்லாம் களம்தான். வண்டி ஏறாமல் இருக்க ஓரத்தில் கருங்கல்லை வரிசையாக வைத்திருப்பார்கள். எல்லாருக்கும் பழக்கம், ஒதுங்கிப் போவோம். அன்று ஒதுங்க வேண்டிய பாதியில் எதிரே ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. பிரேக் போட்டாள். நாற்பதில் போகிற வண்டி எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் நிற்கவில்லை. கல்லைத் தவிர்க்கத் திருப்பினாள், சக்கரம் சோளத்தில் ஏறியது. காலுக்கடியில் நிலம் உருண்டு ஓடியது போலிருந்தது.

நான் சோளத்தின் மேலேயே விழுந்தேன். அவள் வண்டியோடு இழுபட்டுக்கொண்டு போனாள். தார் ரோட்டில் ஹெல்மெட் தேய்கிற சத்தம் கேட்டது. பஸ்ஸின் முன்சக்கரம் அவள் தலைக்கு ஒரு முழம் தள்ளிக் கடந்தது. பின்சக்கரம் வருவதற்குள் அவள் கழுத்தைச் சுருக்கிக்கொண்டதைப் பார்த்தேன். சோளத்தில் வழுக்கி வழுக்கி அவளை நோக்கி ஓடினேன்.

பஸ் தள்ளிப் போய் நின்றது. முழங்கையில் தோல் உரிந்து, சோளம் ஒட்டிய கையோடு அவள் எழுந்து உட்கார்ந்தாள். விரல்களை ஒவ்வொன்றாக அசைக்கச் சொன்னேன். என் பெயரைச் சொல்லச் சொன்னேன். சொன்னாள். சோளத்துக்குச் சொந்தக்காரப் பெண் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் என்னிடம் திரும்பினார்.

“வளந்த பிள்ளைய பறக்க விட்டுட்டுப் பின்னால ஒக்காந்து வேடிக்க பாத்துக்கிட்டு வாரியளோ?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நாற்பதுக்கு மேல் ஒரு நாளும் போகிறவள் இல்லை என்றேன். விழுந்து கிடந்த பைக்கைக் காட்டினேன். மீட்டர் அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. “நல்லாப் பாருங்க, வழி பூரா இந்த நீலம்தான். நாப்பதத் தாண்டினா செவக்கும்” என்றேன். அந்த விளக்கைச் சாட்சிக்கு இழுத்தேன்.

நாங்கள் முந்திவந்த மினி பஸ்ஸும் வந்து நின்றிருந்தது. அதன் டிரைவர் பைக்கை நிமிர்த்தி ஓரத்தில் நிறுத்தினார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

“அண்ணாச்சி, கோவப்படாதிய. நான் அம்பதுல வாரேன். ஒங்க பிள்ள என்னைய முந்திட்டுப் போச்சு. அது எப்பிடி நாப்பதா இருக்கும்?”

நான் மகளைப் பார்த்தேன். அவள் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் அவள் கையில் கட்டு. நான் பைக்கை ஓட்ட, என் ஸ்கூட்டரில் தம்பி பக்கத்திலேயே வந்தான். ஆளில்லாத ரோட்டில் இரண்டு வண்டியும் ஒரே வேகத்தில் போயின. என் கண்முன் மீட்டர் சிவந்த கணத்தில் கையைத் தூக்கினேன். ஸ்கூட்டர் முள் எதில் நிற்கிறது என்று தம்பி கத்திச் சொன்னான். அறுபது.

வீட்டுக்கு வந்து மீட்டரின் பொத்தான்களை அழுத்தி அவளே கண்டுபிடித்தாள். சக்கரத்தின் அளவைக் குறிக்க ஓர் இடம் இருந்தது. சின்னச் சக்கர ஸ்கூட்டருக்கான அளவோடு வந்திருந்தது மீட்டர். எங்கள் வண்டிக்கு அதைவிடப் பெரிய சக்கரம். ஒவ்வொரு சுற்றிலும் வண்டி ஓடிய தூரத்தை மீட்டர் குறைத்தே எண்ணியிருக்கிறது. நிறத்தை மாற்றுகிற பக்கத்துக்கு அடுத்த பக்கம்தான் அது. நாங்கள் நீலத்தோடு நின்றுவிட்டோம்.

“நா ஒங்கள ஏமாத்தலப்பா” என்றாள்.

“தெரியும் மக்கா” என்றேன். அவளை நான் சந்தேகப்படவே இல்லை. என்னை உலுக்கியது வேறு. ஒவ்வொரு மாலையும் அறுபதில் அந்த வளைவைக் கடந்து அவள் வந்திருக்கிறாள். மழை பெய்த நாட்களிலும், ஆடு குறுக்கே வருகிற நேரத்திலும். நான் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். முடிந்துபோன அந்த நாட்களின் பயமெல்லாம் இப்போது மொத்தமாக வந்து சேர்ந்திருக்கிறது. மாத்திரையை எண்ணும்போது கை நின்றுவிடுகிறது. வெளியே ஆம்புலன்ஸ் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கை ஆறியதும் அவள் மறுபடி பைக்கை எடுத்தாள். தடுக்க நினைத்தேன். பஸ்ஸுக்கு நின்று பார்த்த ஒரு வாரத்தில் பால் வண்டி வந்த பிறகே அவளால் போய்ச் சேர முடிந்தது. அளவைச் சரிசெய்துவிட்டாள். ஸ்கூட்டரோடு ஓட்டியும் பார்த்தோம், இரண்டும் ஒன்றையே சொல்கின்றன. இப்போதுதான் உண்மையான நாற்பதில் போகிறாளாம், மாட்டு வண்டி மாதிரி இருக்கிறதாம். வழியெல்லாம் சிவந்து சிவந்து அடங்குகிறது என்று மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டாள்.

நேற்று மாலை வாசலில் நின்றேன். தெருமுனையில் நீலம் தெரிந்தது. உள்ளே போகவில்லை. வண்டி மெதுவாகத்தான் வந்தது. அந்த நிறம் அவள் முகவாயில் இருக்கிற வரை என் கை வாசல் கேட்டின் கம்பியை விடவில்லை.

“சரியாத்தான் காட்டுதுப்பா” என்றாள், நான் எதுவும் கேட்காமலே.

தலையை ஆட்டினேன். அவள் சாவியைத் திருப்பினாள். நீலம் அணைந்து, இருட்டில் அவள் முகம் வெறும் முகமாகத் தெரிந்த பிறகுதான் கம்பியை விட்டேன்.