மூடியின் சுவிட்சில் ஒரு துண்டு வயர்

மீட்டர் அக்கா என்று சொன்னால்தான் அந்தத் தொழிற்பேட்டையில் எல்லாருக்கும் தெரியும். நாற்பத்து நாலு வயது. கழுத்தில் மீட்டரைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஆலை ஆலையாக ஏறி இறங்குகிறவள். மோட்டாரை ஓட்டி, நிறுத்தி, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் என்ற பெட்டி எங்கே மக்கர் செய்தாலும் அவளுக்குத்தான் போன் வரும். கை சுத்தம்; வாய்தான் கொஞ்சம் நீளம். அழுக்குப் பேனலைத் திறந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் ஸ்க்ரூடிரைவரையே தொடுவாள்.

கோழிக் கழிவை வேகவைத்துத் தீவனப் பொடியாக்கும் ஆலையிலிருந்து போன் வந்தபோது அவளுக்குப் போக மனமே இல்லை. அந்த நாற்றம் தலைமுடியில் ஏறினால் மூன்று குளியலுக்கும் இறங்காது. ஆனால் முதலாளி விடவில்லை. "ரெண்டு மாசத்துல ரெண்டு மோட்டார் எரிஞ்சுபோச்சும்மா. இப்ப மூணாவதும் கொதிக்குது. நீங்க மாட்டின பெட்டிதான் மோட்டாரைத் தின்னுது" என்றார். அதற்கு மேல் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா? போதாததற்கு அங்கே பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்திருந்தவன் அவளுடைய சொந்தத் தம்பி. அவளே நாலு பேரிடம் சொல்லி வாங்கிக் கொடுத்த வேலை.

வாசலில் தம்பிதான் காத்திருந்தான். "வாக்கா. டிரைவை மாத்திட்டா போதும்னு நினைக்கிறேன்" என்றான்.

"நினைக்கிறதை அப்புறம் நினைப்போம். பேனலைத் திற."

திறந்தான். கொழுப்பும் இறகுத் தூசியும் சேர்ந்து, காற்றாடியின் மேல் ஈரக் கம்பளி மாதிரி படிந்திருந்தது. அதற்குள்ளிருந்து கரப்பான்கள் நாலு பக்கமும் சிதறி ஓடின. ஒன்று அவள் மணிக்கட்டில் ஏறிச் சட்டைக் கைக்குள் போகப் பார்த்தது. உதறினாள். "இதை என்னைக்குடா துடைச்சீங்க? பன்றி கூட இதுல படுக்காது."

தம்பி சிரித்து மழுப்பினான்.

டிரைவின் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். மோட்டாரின் தகட்டில் பதினைந்து ஆம்பியர் என்று பொறித்திருந்தது. டிரைவின் வரம்பையோ இருபத்தைந்து என்று யாரோ ஏற்றி வைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் ஒரே வாரத்தில் பதினெட்டு முறை சுமை தாங்காமல் டிரிப் ஆகி நின்றிருந்த கணக்கும் உள்ளே பதிவாகியிருந்தது. பாவம், அந்தப் பெட்டி தன் வேலையை ஒழுங்காகச் செய்து, நிறுத்து நிறுத்து என்று கத்தியிருக்கிறது. வாயைப் பொத்தியிருக்கிறார்கள்.

பெல்ட்டைக் கழற்றி மோட்டாரைத் தனியாக ஓட்டிப் பார்த்தாள். ஐந்து ஆம்பியருக்கு மேல் ஏறவில்லை, சத்தமும் இல்லை. ஆக மோட்டாரிலும் குறையில்லை, டிரைவிலும் குறையில்லை. கழிவை, வேகவைக்கும் கலனுக்குத் தள்ளிக்கொண்டு போகும் நீளத் திருகுத் தண்டில்தான் எதுவோ சிக்கியிருக்கிறது.

பெல்ட்டை மறுபடி மாட்டி, மெதுவாக ஓட விட்டு, தண்டு சுற்றும் தொட்டியின் மூடியைத் தூக்கினாள். மூடி திறந்தால் தண்டு தானாக நிற்க வேண்டும். அதற்காகவே மூடியில் ஒரு சுவிட்ச் உண்டு.

நிற்கவில்லை. குடலையும் இறகையும் பிசைந்துகொண்டு அவள் கண் முன்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் ஓடிப்போய் நிறுத்தி, மெயின் சுவிட்சை அணைத்து, தன் பூட்டைப் போட்டுச் சாவியைப் பையில் வைத்துக்கொண்டாள். பிறகு மூடியின் சுவிட்சைக் கழற்றினாள். இரண்டு முனைகளையும் சேர்த்து ஒரு துண்டு பச்சை வயர் முறுக்கியிருந்தது. மூடி திறந்தாலும் மூடியிருப்பதாகவே இயந்திரம் நினைத்துக்கொள்ளும். இரண்டு சுற்று, நுனியை மடக்கி இடுக்கியால் ஓர் அமுக்கு. அம்மா வீட்டுச் சமையலறை சுவிட்ச் போர்டில் எத்தனை முறை பார்த்த முறுக்கு! அவள் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

கழிவு வாரும் பெண் ஒருத்தி மண்வெட்டியோடு பக்கத்தில் வந்து நின்றாள். "அடிக்கடி அடைச்சுக்கும்மா. மூடியைத் திறந்து கம்பியால குத்தி விடுவோம். ஓடும்போது குத்தினாத்தான் சீக்கிரம் விடும்."

"கம்பி எங்கே?"

"போன வாரம் உள்ள இழுத்துட்டுப் போயிடுச்சு. அடுத்த தடவை கையை விட்டேன், கிளவுஸையும் உருவிக்கிச்சு. கை தப்பிச்சுது." சொல்லிவிட்டு, ஏதோ வேடிக்கை நடந்த மாதிரி வலது கையை விரித்துக் காட்டினாள். மணிக்கட்டிலிருந்து கட்டைவிரல் வரை கன்றிப் போயிருந்தது.

வேறு யாரும் கை வைக்க முன்வரவில்லை. மீட்டர் அக்கா மீட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, தோள் வரை கையை உள்ளே விட்டாள். வெதுவெதுவென்று இருந்தது. விரலுக்கிடையில் எதுவோ வழுக்கிக்கொண்டு போனது. கண்ணை மூடிக்கொண்டு துழாவினாள்.  தண்டுக்கும் அதைத் தாங்கும் பட்டைக்கும் நடுவில் செருகிக் கிடந்த கம்பி வில்லாக வளைந்து வெளியே வந்தது. அதைச் சுற்றிக்கொண்டு கையுறையும் வந்தது. ஐந்து விரலும் உப்பியிருந்தன. உள்ளே கழிவுதான் என்று தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு விரலாக அமுக்கிப் பார்த்தாள். ஐந்தாவது விரலை விட்டதும் சுவரோரம் போய் வாந்தியெடுத்தாள்.

"அக்கா, அந்த வயரை மட்டும் எழுதாதே" என்று தம்பி காதோரம் குசுகுசுத்தான். "கம்பி சிக்கியிருந்துச்சுன்னு எழுது, போதும். ஊர்ல எல்லாரும் பண்றதுதானே?"

"அவ கை போயிருந்தா?"

"போகலையே!"

கழிவு நாற்றத்தைத் தாங்கிக்கொண்டிருந்தவளுக்கு அந்த ஒரு சொல்லைத் தாங்க முடியவில்லை. இவன் மூக்கைச் சிந்தி விட்டு வளர்த்த கைதான் இது என்று நினைத்தபோது தன் கை மேலேயே அருவருப்பு வந்தது.

முதலாளியின் அறையில் ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது. அவர் வயர் கதையைக் கேட்டு அதிரவே இல்லை. "தம்பிகிட்ட நான்தாம்மா சொன்னேன். அரை மணிக்கொரு தடவை நின்னா வேலை எப்படி நடக்கும்? சரி, எடுத்துட்டீங்கல்ல? கிளம்புங்க" என்று கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அவள் பதினைந்து ஆம்பியரைத் திரும்ப வைத்தாள். வயரையும் கம்பியையும் கையுறையையும் படம் எடுத்தாள். அறிக்கையில் எல்லாவற்றையும் எழுதினாள், பராமரிப்பு யார் பொறுப்பு என்பது உட்பட. ஒரு நகல் தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் போனது.

அடுத்த வாரம் ஆய்வாளர் வந்தார். ஆலை நாலு நாள் மூடிக் கிடந்தது. மூடிக்குப் புதுப் பூட்டு, அடைப்பைத் தள்ளத் தண்டைப் பின்னோக்கிச் சுற்றும் பொத்தான் எல்லாம் வந்தன. தம்பியின் ஒப்பந்தம் போனது. மண்வெட்டிப் பெண் கடைத்தெருவில் அவளைப் பார்த்து, "நாலு நாள் வேலையைக் கெடுத்தியே, நல்லா இருப்பியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அம்மா மட்டும் என்ன? "கூடப் பிறந்தவனைக் காட்டிக் கொடுத்துட்டியேடி" என்று அழுதாள். "அந்தக் கிளவுஸை நீ அமுக்கிப் பார்த்திருந்தா இப்படிப் பேச மாட்டம்மா" என்றாள் மகள். அம்மாவுக்குப் புரியவில்லை.

தம்பி பிறகு ஓர் அட்டைப்பெட்டி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே ஒரு டிரைவ் பழுது என்று போன் வந்ததும், அவள் வேலை பார்க்கும் டிரைவ் கடையில் வேறு ஆளை அனுப்பப் பார்த்தார்கள். அவள் கேட்கவில்லை, தானே போனாள். பழுதான பெட்டியைத் தொடுவதற்கு முன் வெட்டும் இயந்திரத்தின் மூடி சுவிட்சுகள் ஆறையும் கழற்றிப் பார்த்தாள். தம்பி கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றான். எதிலும் வயர் இல்லை.

"பார்த்தியா?" என்றான், ஏதோ பரிசு வாங்கப் போகிறவன் போல.

அவள் சுவிட்சுகளைத் திரும்ப மாட்டிவிட்டுப் பேனல் எங்கே என்று தம்பியை விட்டு இன்னொரு தொழிலாளியிடம் கேட்டாள்.