அரக்குப் பட்டில் கங்கையம்மாள்

பிள்ளையார்பாளையத்துக் கடைப் பலகைகளில் பாதி தனசேகரன் எழுதியவை. எல்லாப் பலகைக்கும் மூலையில் ஒரு தாமரை உண்டு. கசாப்புக் கடைக்காரர்கூட அதை ஆட்சேபித்ததில்லை. சாமி இல்லை என்ற கூட்டத்துக்கும் சாமி புறப்பாட்டுக்கும் ஒரே வாரத்தில், ஒரே டப்பாச் சிவப்பில் தட்டி எழுதிக் கொடுத்தவன் அவன்.

மனைவி கங்கையம்மாள் தறிக்காரர் வீடுகளில் கூலிக்குப் பட்டு நூல் சுற்றினாள். போட்டோ எடுத்துக்கொள்ள எப்போது கூப்பிட்டாலும் ஒரே பதில்தான்.

"அரக்குல ஒரு பட்டுப் பொடவை வாங்கிக் குடு, கட்டிக்கினு வரேன். இந்தக் கந்தலோட நின்னா ஸ்டுடியோக்காரன் வெளக்க அணைச்சிடுவான்."

நியாயமான நிபந்தனை. எனவே புடவையும் வரவில்லை, போட்டோவும் எடுக்கவில்லை. எழுபத்திரண்டாம் வருஷம் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். மாலை போட ஒரு படம்கூட இல்லை.

மறு வருஷம் ஞாபகத்திலிருந்து அவளை எழுதினான். அவள் கேட்டபடியே அரக்குப் பட்டில், நாற்காலியில் உட்கார்ந்தபடி. உயிரோடிருந்தவரை கொடுக்க முடியாததைக் கொடுக்கக் கொஞ்சம் பெயின்ட் போதுமாயிருந்தது. இந்த ஒன்றில் மட்டும் தாமரை போடவில்லை. ஆனால் முகம் அவள் முகம்தானா? பார்க்கப் பார்க்கச் சந்தேகம் வளர்ந்தது. ஒத்துப் பார்க்க வேறு எதுவும் இல்லை. தெரிந்தவர் யாராவது, சொல்லிக் கொடுக்காமல், 'இது கங்கை இல்ல?' என்று கேட்டுவிட்டால் போதும்.

பெரிய காஞ்சிபுரத்தில் மாணிக்கவாசகம் என்ற ரிட்டயரான இன்ஜினீயர், தன் வீட்டு முன்கூடத்தில் உள்ளூர்க்காரர்கள் எழுதிய படங்களை மாட்டி விற்றுவந்தார். பலகை விஷயமாக வந்தவர் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். ஊரே வந்து பார்க்கும் இடமாயிற்றே என்று தனசேகரன் கொடுத்தான். ஊரும் வந்தது. செருப்பை வாசலில் விட்டது, கூடத்தை வலமாகச் சுற்றியது, போகுமுன் ஒரு நிமிஷம் உட்கார்ந்தும் எழுந்தது. படம் வாங்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

தினமும் வேலை முடிந்ததும் அவன் போய்த் தூண் ஓரமாக நின்றான். கங்கையம்மாள் பல வருஷம் நூல் சுற்றிய வீட்டுப் பொன்னியம்மாள் ஒருநாள் வந்து, அந்தப் படத்தின் முன்னால் நின்றாள். நகரவே இல்லை. தனசேகரன் தூணைவிட்டு ஓரடி முன்னால் வந்தான்.

"அரக்குக்கு இந்தக் கரை எடுப்பா இல்லியே" என்றாள் மகளிடம். "பச்சை போட்டிருக்கணும்."

பட்டுக்கடை வரதராஜன் வந்தார். "கடையில மாட்டலாம்பா. பொடவை அமர்க்களம். மொகத்த மட்டும் கொஞ்சம் சினிமாக்காரி மாதிரி மாத்திக் குடுத்துடு."

"யோசிச்சு சொல்றேங்க" என்றான். யோசிக்க ஒன்றுமில்லை, மாகறலிலிருந்து செல்லியம்மாள் வரவேண்டியிருந்தது. கங்கையம்மாளைத் தூக்கி வளர்த்த அக்கா. அவளுக்குத் தெரியாமல் போகுமா?

படம் யாருடையது என்று சொல்லாமல் அழைத்துப் போனான். நிலைப்படியில் தயங்கி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஒவ்வொரு படத்தையும் கும்பிட்டபடி வந்தாள். அரக்குப் பட்டின் முன் நின்றாள்.

"யாரு தம்பி, பெரிய எடத்து அம்மாவா? நாம உள்ள வந்தாக்கூட எழுந்துக்க மாட்டாங்க போலக்குது."

"நல்லாப் பாருக்கா."

"பாத்துக்கினுதானே இருக்கேன். மவராசி, நல்லா வாழ்ந்தவங்க." கும்பிட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். "ஏம்பா, யார் யாரையோ எழுதி வெச்சிருக்காங்க. நீயும் எழுதறவனாச்சே. நம்ம கங்கைய ஒண்ணு எழுதக்கூடாதா? எனக்கும் அவ மொகம் மறந்துகினே வருது."

"எழுதலாம்க்கா" என்றான் தனசேகரன்.

அவளைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தான். "எறக்கிக் குடுங்க சார். வரதராஜன் கேட்டாரு."

மாணிக்கவாசகத்துக்கு ஒரே சந்தோஷம். அந்தக் கூடத்தில் விலைபோன முதல் படம் அது.

வீட்டில் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்து, சதை நிறத்தைக் குழைத்தான். மேலே பூசுமுன் அவளை ஒருமுறை நினைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று கண்ணை மூடினான். ராட்டை முன்னால் உட்கார்ந்தவள் வரவில்லை. அரக்குப் பட்டு கட்டியவள்தான் வந்தாள், நாற்காலியோடு.

கண்ணைத் திறந்து நெற்றியிலிருந்து ஆரம்பித்தான். முகம் முடிந்ததும் மூலையில் ஒரு தாமரையும் போட்டான்.