கரண்ட் இல்லாத மனையில் ஒரு கேம்பிங் ஃபிரிட்ஜ்

கோடை வந்தால் இந்த நாட்டுக்காரர்களுக்கு ஒரு கிறுக்குப் பிடித்துவிடும். பாரிசுக்கு வெளியே நாங்கள் இருக்கும் அடுக்கு மாடியில் பாதி வீடு காலி. வருடம் முழுக்க உழைத்த காசைக் கொடுத்து, கரண்ட் இல்லாத காட்டில் கூடாரம் போட்டுப் படுத்துவிட்டு வருவார்கள். அதற்கு வகான்ஸ், அதாவது விடுமுறை என்று பெயர். நம் ஊரில், கரிக்கலாம்பாக்கத்துக்குப் பக்கத்தில் என் அப்பாவும் மூன்று வருடமாகக் கரண்ட் இல்லாமல்தான் இருக்கிறார். அவருக்கு அதன் பெயர் வீடு.

தப்பு என்னுடையதுதான். நெல் விளைந்த வயலை மனை போட்டு விற்ற விளம்பரத்தை இங்கே உட்கார்ந்து போனில் பார்த்து, அப்ரூவல் உண்டா என்றுகூடக் கேட்காமல் வாங்கி, வீடும் கட்டிவிட்டேன். அம்மா இறந்த பிறகு அப்பாவை அங்கே குடிவைத்தேன். மனைக்கு அப்ரூவல் இல்லாமல் கரண்ட் தர முடியாது என்று மின்துறை ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை. இன்சுலினைப் பழைய ஊரில் சித்தப்பா வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, காலையும் மாலையும் சைக்கிளில் போய்ப் போட்டுக்கொண்டு வருவார். அதை நினைத்தால் எனக்கு இங்கே சோறு இறங்காது.

போன கோடையில், பேட்டரியில் ஓடும் சின்ன ஃபிரிட்ஜ் பெட்டி ஒன்று வாங்கக் கேம்பிங் சாமான் கடைக்குப் போனேன். விலை குறைந்த பெட்டி வெளிச்சூட்டைவிடக் கொஞ்சம்தான் குளிரும்; நம் ஊர் சித்திரைக்கு அது எந்த மூலைக்கு? கம்ப்ரசர் உள்ள பெட்டிதான் வேண்டும், அதுவும் டிகிரி வைக்க வசதியோடு. ஐஸ் கட்டினாலும் இன்சுலின் பாழ். "எத்தனை நாள் தங்கப்போகிறீர்கள்?" என்று கடைக்காரன் கேட்டான். "இரண்டு வருடமாகத் தங்கியிருக்கிறார்" என்றேன். ஜோக் என்று நினைத்துச் சிரித்தான். பில்லைக் கொடுக்கும்போது நல்ல விடுமுறையாக அமையட்டும் என்று வாழ்த்தினான். விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. மெர்சி, நன்றி என்றேன்.

பெரிய பேட்டரியை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். பொங்கல் லீவில் பெட்டியோடு ஊருக்குப் போனபோது சோலார் பேனலும் பேட்டரியும் வில்லியனூரில் வாங்கினேன். இன்வெர்ட்டர் கடைக்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு ஒரு பேனல் போதும்னு சொல்லுவாங்க. நம்பாதீங்க மேடம். ஐப்பசியில நாலு நாள் வுடாம மழ புடிச்சா இன்னா பண்ணுவீங்க? ரெண்டா போடுங்க. பேட்டரியும் பெருசா வாங்கிடுங்க."

வாங்கினேன். மாட்டினேன். ஐந்து டிகிரி காட்டியது. அப்பாடா என்று விமானம் ஏறினேன்.

மூன்றாம் மாதம் பக்கத்து மனை செல்வி போன் செய்தாள். "அக்கா, பயப்படாதீங்க. ஒங்கப்பா சைக்கிள்லேருந்து மயங்கி வுழுந்துட்டாரு. இப்ப நல்லா இருக்காரு. ஊசி போட ஊருக்குப் போனாரு, வெயிலு தாங்கல."

"ஊருக்கா? ஊசிமருந்து வூட்லதான இருக்குது?"

செல்வி போனை அப்பாவிடம் கொடுத்தாள்.

அங்கே நாலு வீட்டிலும் கரண்ட் இல்லை. செல்வியின் கைக்குழந்தைக்குப் பால் என்று ஆரம்பித்து, பிறகு ஒரு வீட்டு மாவு, ஒரு வீட்டு மீன். மூடியைத் திறந்து திறந்து மூடியதில் பேட்டரி படுத்துவிட்டது. மருந்து கெட்டுவிடக் கூடாதென்று அப்பா அதை மட்டும் எடுத்துப்போய்ப் பழையபடி சித்தப்பா வீட்டில் வைத்துவிட்டார்!

"அவங்களுக்கா வாங்கிக் குடுத்தேன்? உனக்கு அறிவிருக்காப்பா?" கத்தினேன். அழுகையும் வந்தது.

"கொழந்த பாலு திரிஞ்சு போவுதுடி. வெக்காதன்னு எப்டி சொல்றது? நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா நீயா வரப்போற? அவங்கதான ஓடியாருவாங்க."

விழுந்தவரைத் தூக்கியது செல்விதான்.

செல்வியே முன்நின்று ஏற்பாடு செய்தாள். மீன் கிடையாது. காலை ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவைதான் மூடி திறக்கும். பேட்டரி தேறியது, இன்சுலினும் திரும்பி வந்தது. அப்பா ஊருக்குச் சைக்கிள் மிதிப்பதில்லை.

நேற்று வீடியோவில் பெட்டியைத் திறந்து காட்டினார். மூலையில் ஒரு டப்பாவில் மருந்து. பக்கத்தில் பால், மாவு, தயிர். ஒவ்வொரு வீட்டுப் பையிலும் பேனாவால் பெயர் எழுதியிருந்தது.

"இன்னும் கொஞ்சம் எடம் இருக்குது. உன்னுது எதுனா வெக்கணுமாம்மா?"

தினமும் நாலு வீட்டிலும் கேட்டுப் பழகிய வாய், என்னிடமும் கேட்டுவிட்டது. அந்தப் பெட்டியில் வைக்க என்னிடம் ஒன்றுமே இல்லை.

"மூடுப்பா" என்றேன். "குளிரு போயிடும்."