முனையில் வெள்ளை அடித்த கல்

நெடுந்தீவின் மேற்கில் தரை முடிகிற இடத்துக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் முனை. அவ்வளவுதான் பெயர். மலைநாட்டுச் சனம் வந்து பார்த்தால் இதையா பெரிசாய்ச் சொன்னீர்கள் என்று சிரிக்கும். நாலு ஆள் உயரம் வருமோ என்னவோ. ஆனால் கடல் கீழே குடைந்து குடைந்து, மேல்தட்டு வெறும் கடலுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். கல்லெல்லாம் கத்தி. விளிம்பில் நின்றால், அலை உள்ளே போய் மோதுவது காதுக்கு முதல் உள்ளங்காலுக்குத் தெரியும். எனக்கு அங்கே போக ஒருநாளும் விருப்பம் இருந்ததில்லை.

எங்களுக்கு ஊர் குருநகர். வருசத்தில் ரெண்டு மூன்று மாதம் என் மனுசனும், அவருடைய தங்கச்சியின் மனுசனும் ஒரே போட்டில் தீவுக்குப் போய், கரையில் கொட்டில் போட்டுத் தங்கித் தொழில் செய்வார்கள். அந்தக் கொட்டிலைத்தான் வாடி என்கிறது. மாதத்தில் ஒருக்கால் அந்தத் தங்கச்சியும், அதாவது என் மச்சாளும், நானும் அரிசி, தூள், மருந்து எல்லாம் கட்டிக்கொண்டு குறிகட்டுவான் இறங்குதுறையில் போட் ஏறிப் போய் ரெண்டு நாள் நின்று வருவோம். போகிற வழி முழுக்க நான் செபமாலையை விடமாட்டேன். மச்சாள் கச்சான் கடலை கொறிப்பாள்.

எனக்கு யோசனை கூட. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு இறால் உரிக்கப் போன நாளில் இருந்து அப்படித்தான். கை வேலை செய்யும், தலை தன்பாட்டுக்கு யோசிக்கும். அந்த முறை யோசித்தது வெள்ளைக்கல்லைப் பற்றி.

முனைக்கு முன்னால் கடலுக்குள் முருகைக்கல், பவளப்பாறை. அதற்கு நடுவே போட் போகிற அளவுக்கு ஒரு வழி இருக்கிறது. வான் என்று சொல்லுவோம். வெளியில் இருந்து வருகிறவன், முனை விளிம்பில் இருக்கிற ஒரு கல்லையும், அதற்குப் பின்னால் தூரத்தில் தெரிகிற கோயில் குருசையும் பார்ப்பான். குருசு அந்தக் கல்லுக்கு நேர்மேலே வந்தால் அவன் வானுக்குள் நிற்கிறான். கல் தெரியவேண்டும் என்பதற்காகத் தொழில் தொடங்கும்போது அதற்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். ஒருவன் கல்லில், ஒருவன் போட்டில். போட்டில் நிற்கிறவன் கையைத் தூக்கிக் காட்டும்வரை கல்லில் நிற்கிறவன் தும்புக்கட்டையைச் சுண்ணாம்பில் நனைக்கக் கூடாது. எத்தனையோ தரம் கேட்ட கதைதான். கேட்டதோடு சரி.

அந்த முறை நாங்கள் போய் இறங்கியபோது தொழில் தொடங்கி மூன்று கிழமை.

"இஞ்சாருங்கோ, கல்லுக்கு வெள்ளை அடிச்சாச்சோ?" என்று மனுசனைக் கேட்டேன்.

"அடிப்பம்."

"எப்ப?"

"அதுதான் ஜிபிஎஸ் கிடக்கே. உனக்கேன் உந்த விசர்?"

"அது தண்ணியிலை விழுந்தால்?"

"போனிலையும் கிடக்கு."

"போனும் விழுந்தால்?"

"அப்ப நானும் விழுந்திருப்பன். எழும்பி வந்து சொல்லுறன்."

மச்சாள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்து வாடிகளில் வயதுபோன நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களுக்கு ஜிபிஎஸ்ஸும் இல்லை ஒன்றும் இல்லை. கண்தான்.

அடுத்தநாள் காலமை மனுசன்மார் கடலால் வந்து, மீனைக் கொடுத்து, சாப்பிட்டுப் படுத்துவிட்டார்கள். மூலையில் சுண்ணாம்புப் பை கட்டு அவிழ்க்காமல் கிடந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தேன். பிறகு அதையும், கயிற்றோடு வாளியையும், தும்புக்கட்டையையும் எடுத்தேன்.

"எங்கை மச்சாள்?"

"முனைக்கு."

"நீங்களோ?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்க் கானைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள்.

அரை மணித்தியால நடை. கடைசித் துண்டை நான் கையையும் ஊன்றித்தான் கடந்தேன்.

"மச்சாள், நடவுங்கோவன். தவளுறீங்கள்."

"நீ உன்ரை பாட்டைப் பார்."

விளிம்பில் கல்லுகள் பல்லு மாதிரி வரிசையாய் நின்றன. அதில் ஒன்றில் மேலிருந்து கீழே வெள்ளை வடிந்திருந்தது.

"உதுதான். பழைய வெள்ளை இன்னும் கிடக்குப் பாருங்கோ," என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். கோயில் குருசு தெரிந்தது. அதுவே போதும் என்று நினைத்துவிட்டேன். அங்கே எந்தக் கல்லில் நின்று பார்த்தாலும் குருசு தெரியும் என்பது அப்போது என் தலையில் ஏறவில்லை. கரைத்து, மூன்று தரம் அடித்தோம். காற்று எங்கள் முகத்துக்கும் ஒரு தரம் அடித்தது. வேலை முடிந்து, கொண்டுபோன பாணைத் தின்றுகொண்டு இருந்தபோது எனக்கு உண்மையிலேயே பெருமையாய் இருந்தது. மூன்று மணி போல போட்டுகள் ஒவ்வொன்றாய்க் கடலுக்கு வெளிக்கிட்டன. எங்கள் போட் கடைசி.

போன் அடித்தது.

"இஞ்சை, வாடியிலையே நிக்கிறாய்?" மனுசன். "எந்த மூதேவியோ முனையிலை பிழையான கல்லுக்கு வெள்ளை அடிச்சு வைச்சிருக்கு. இளந்தாரிப் பெடியளின்ரை வேலை. பக்கத்து வாடியிலை போய்க் கேள்."

பாணைக் கீழே வைத்தேன்.

"கேக்குதோ?"

"அது நாங்கள்."

என்ஜின் சத்தத்துக்கு மேலால் போட்டுக்குள் மச்சாளின் மனுசன் சிரிக்கிற சத்தம்.

"அதிலை பழைய வெள்ளை கிடந்ததே," என்றேன்.

"அது நீர்க்காகத்தின்ரை பீ!"

மச்சாள் தன் கையைப் பார்த்தாள். பிறகு மெல்ல மோந்து பார்த்தாள்.

என் மனுசன் சிரிக்கவில்லை. அந்தக் கல்லுக்கு நேராய் வந்தால் வானுக்குள் அல்ல, முருகைக்கல்லுக்கு மேலேதான் போட் ஏறும் என்றார். முன்னால் போன போட்டுகள் முனையைத் திரும்பிப் பார்க்காமலே தூரம் போய்விட்டன. போன் எடுக்கிற ஆட்களுக்குச் சொல்லலாம். எடுக்காத ஆட்கள் விடியப்புறம் அரை வெளிச்சத்தில், புது வெள்ளை பளிச்சென்று தெரிய, அட, அடிச்சுப்போட்டாங்கள் என்று சந்தோசமாய் அதைப் பார்த்தே வருவார்கள்.

"நீங்கள் வாடிக்குப் போங்கோ. நாளைக்கு நான் பார்க்கிறன்."

"நாளைக்கு விடிய அவை வந்திடுவினம்," என்றேன். "நீங்கள் உதிலையே நிண்டு கை காட்டுங்கோ."

"நீ விளிம்பிலை நிக்கமாட்டாய்."

"நிக்கிறன். காட்டுங்கோ."

அவர் வானுக்குள் போட்டைப் பிடித்து நிறுத்தினார். நான் வாளியைத் தூக்கி, போனைக் காதில் வைத்துக்கொண்டு எழும்பினேன். தவளவில்லை. குனிந்தால் கடலில் இருந்து தெரியாதாம்.

"வலப்பக்கம் போ."

"உங்கடை வலமோ, என்ரை வலமோ?"

"உன்ரை சோத்துக்கைப் பக்கம். இன்னும். அடுத்த கல். அது இல்லை, அதுக்கும் அங்காலை, பதிஞ்சு கிடக்கிறது."

அந்தக் கல் தனியாக நீட்டிய ஒரு தட்டில் இருந்தது. இடையில் ஒரு வெடிப்பு. வெடிப்புக்குள் பார்த்தால் கடல் மூச்சு வாங்குகிற மாதிரி ஏறி இறங்கியது. என் கால் ரெண்டும் ஆடின. ஆடட்டும், நீங்கள் ஆடிக்கொண்டே தாண்டுங்கள் என்று கால்களுக்குச் சொன்னேன். தாண்டினேன்.

"ஏறி நில். நிமிர். குருசு இப்ப உன்ரை தலைக்கு மேலை." தூரத்தில் அவர் கையைத் தூக்குவது தெரிந்தது. "அசையாதை. உதுதான்."

குனிந்து உப்பையும் பாசியையும் நகத்தால் சுரண்டினேன். கீழே பழைய சுண்ணாம்பு, படை படையாக, வெங்காயத் தோல் மாதிரி இருந்தது. எத்தனை பேர் அடித்ததோ.

வாளியில் கால்வாசிதான் மிச்சம். கடலைப் பார்த்த பக்கத்துக்கு மட்டும் அடிப்பது என்று முடிவெடுத்தேன். அதற்கு மேலிருந்து தலைகீழாய்க் குனியவேண்டும். மச்சாளும் வெடிப்பைத் தாண்டி வந்து என் சட்டையைப் பின்னால் ரெண்டு கையாலும் பிடித்தாள்.

"மச்சாள், உந்தச் சட்டை பழசு. கிழிஞ்சால் நான் பொறுப்பில்லை."

"வாயை மூடிக்கொண்டு பிடி."

"பிடிக்கிறன். மாதாவே, பாரம்!"

அடித்து முடித்தேன். தெரியுது என்றார். இனிப் பிழையான கல். வாளிக்குக் கயிற்றைக் கட்டிக் கடல் தண்ணீரை மேலே இழுத்து ஊற்றினோம். மேல் பூச்சு ஓடியது. கீழ்ப் பூச்சு ஓடமாட்டேன் என்றது. தும்புக்கட்டையால் தேய்த்தோம். தும்பு கொட்டுப்பட்டு வெறும் கட்டை ஆனது. பிறகு உடைந்த முருகைக்கல்லை எடுத்துச் சுரண்டினோம். சுண்ணாம்பு தின்று கை ரெண்டும் எரிந்தது. மச்சாள் இப்போது சிரிக்கவில்லை. அவளுடைய மனுசனும் அந்தப் போட்டில்தான்.

மற்றப் போட்டுகள் எப்போதோ கண்ணுக்கு மறைந்துவிட்டன. எங்கள் போட் மட்டும் வலை விடப் போகாமல் அங்கேயே நின்றது. போகச் சொல்லி நானும் சொல்லவில்லை. வெயில் மஞ்சளாகிக்கொண்டு வந்தது.

"இப்ப?"

"ரெண்டு தெரியுது."

சுரண்டினோம்.

"இப்ப?"

"மற்றது மங்கலாத் தெரியுது."

மங்கல் என்றாலும் வெள்ளைதான். மச்சாள் எங்கேயோ போய்ச் சட்டை மடியில் கடற்பாசி அள்ளிக்கொண்டு வந்தாள். கறுப்பாய், நாற்றமாய். அதை வைத்துக் கல்லை உரசினோம். கல் ஊத்தை நிறமாகியது.

"இப்ப சொல்லுங்கோ."

"ஒண்டுதான் தெரியுது."

"வடிவாப் பார்த்தே சொல்லுறியள்?"

"ஒண்டுதான் எண்டு சொல்லுறன்."

"போட்டைத் திருப்பி, வெளியிலை போய், திரும்ப வந்து பாருங்கோ. அந்த வயதுபோன ஆக்களின்ரை கண்ணாலை பாருங்கோ."

அவர் தூசணத்தில் ஒன்று சொன்னார். ஆனால் போட் திரும்பியது. வெளியே போனது. சின்னப் புள்ளியாகி, மறுபடி முனையைப் பார்த்துத் திரும்பியது. நான் விளிம்பில் நிமிர்ந்து நின்றுகொண்டு, அவர் வானுக்குள் நேராய் வந்து சேரும்வரை போனைக் காதில் இருந்து எடுக்கவில்லை.