வீட்டில் மாட்ட முடியாத மழைப்படம்

எழுபதுகளின் நடுவில், மெல்பேர்ணில் ஒரு ஜூன் மாதக் குளிரில், எங்கள் முதல் பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. முகத்தைக் காட்டாமலே கொண்டுபோய்விட்டார்கள். வெறுங்கையோடு வீடு திரும்பிய என்னைப் பார்க்க வந்தவள் பக்கத்து வீட்டு ஜப்பானியப் பெண் ஒருத்திதான். இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் ஜப்பானுக்குப் போன ஆஸ்திரேலியச் சிப்பாய் ஒருவரைக் கட்டிக்கொண்டு வந்தவள். எங்கள் இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம். சூப்பைக் குசினி அடுப்பில் வைத்துவிட்டு, கட்டிலருகே கதிரையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவாள்.

ஒருநாள் ஒரு படமும் கொண்டுவந்தாள். மரப்பலகையில் செதுக்கி, மை பூசி, தாளில் ஒற்றியெடுத்தது. நீல ஐரிஸ் பூக்கள். அவற்றின்மேல் மெல்லிய கறுப்புக் கோடுகளாகச் சரிந்து விழும் மழை. மழையைச் செதுக்குவதில்லையாம். கோடுகளை அப்படியே விட்டு, மழை இல்லாத இடத்தையெல்லாம் செதுக்கி எடுத்துவிடுவார்களாம். கையால் செய்து காட்டினாள். ஆஸ்பத்திரியில் வராத அழுகை அப்போதுதான் எனக்கு வந்தது. படத்தை என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பிள்ளைக்கென்று வெள்ளையடித்திருந்த அறையில் அதை மாட்டினேன். வேலையால் வந்த கணவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று பார்த்தார்.

"இது ஜப்பான் படமோ?"

"ஓம். பக்கத்து வீட்டு மனிசி தந்தவ."

"திருப்பிக் குடுத்திடும்."

அவருடைய தகப்பன் மலாயாவில் கிளார்க்காக இருந்தவர். ஜப்பான்காரர் ஆட்சியில் அவரைத் தாய்லாந்துக் காட்டுக்குள் போட்ட சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. மாமி சாகும்வரை பொட்டை அழிக்கவில்லை. எனக்குத் தெரிந்த கதைதான். பூவும் மழையும் என்ன செய்தன என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"அப்பாவின்ர முகம் எனக்கு ஞாபகமில்லை. பிள்ளையின்ர முகத்தையும் காட்டேல்லை. இந்த அறையில இது வேண்டாமப்பா."

மறுநாள் படத்தைக் கொண்டுபோனேன். என் கையில் அதைக் கண்டதும், என் கணவருடைய ஆட்கள் யாராவது யுத்தத்தில் செத்துப்போனார்களா என்று மட்டும் கேட்டாள். தகப்பன் என்றேன். படத்தை நெஞ்சோடு அணைத்தபடி இடுப்புவரை குனிந்து மன்னிப்புக் கேட்டாள். அந்தக் காலத்தில் அவளே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்திருப்பாள்.

அதற்குப் பிறகும் சூப் வந்தது. வாசற்படியில் வைத்து, மணியை அடித்துவிட்டுப் போய்விடுவாள். வசந்தத்தில் நாங்கள் நகரத்தின் வெளிப்புறத்தில் இருந்த மல்கிரேவுக்கு வீடு மாறினோம். சொல்லிக்கொள்ளப் போனேன். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. கதவு திறக்கவில்லை.